கதவு என்று ஒரு குடும்பப் பெயர்

'லா போர்த்' என்றால் பிரெஞ்சில் கதவு. நமது புதுச்சேரியின் பழைய வரலாற்றைப் புரட்டும்போது இந்தப் பெயர் கண்ணில் படும். துய்ப்ளெக்ஸ், புஸ்ஸி, சுஃப்ரேன் வரிசையில் இவரும் யாரோ ஒரு வெள்ளைக்காரர், கவர்னராகவோ கப்பல் தளபதியாகவோ இருந்திருப்பார் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி இல்லை. அவர் நம்மவர். கறுத்த தமிழர். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்பது வீட்டார் வைத்த பெயர். 'கதவு' என்பது அவரே தேடி வைத்துக்கொண்ட பெயர்.

ஒரு மனிதர் நடு வயதில் தனக்குத்தானே பெயர் வைத்துக்கொள்கிறார். அதுவும் தனக்கு மட்டுமல்ல, பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் சேர்த்து. நம் ஊரில் அது எவ்வளவு விசித்திரமான காரியம்! நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, அதன் பின்னால் நம் பெயர், சிலருக்கு அதன் பின்னால் சாதிப் பட்டம். அவ்வளவுதான். என் தாத்தாவின் பெயர் என் பெயரில் இல்லை. என் பெயர் என் பேரன் பெயரில் இருக்காது. ஒவ்வொரு தலைமுறைக்கும் எழுத்து மாறிக்கொண்டே போகும். இந்த ஏற்பாட்டில் ஒரு சுகம் உண்டு, யாரும் செத்தவர்களைச் சுமக்க வேண்டியதில்லை.

பொன்னுத்தம்பிப் பிள்ளை வழக்கறிஞர். 1873-ல் அவர் ஐரோப்பியர் அணிகிற பூட்ஸும் காலுறையும் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். அந்தக் காலத்து வழக்கப்படி இந்தியர் அப்படிப் போகக் கூடாது. வெள்ளைக்கார வக்கீல் போட்டால் மரியாதை, தமிழ் வக்கீல் போட்டால் அவமரியாதை. நீதிபதி அவர் மேல் நடவடிக்கை எடுத்தார். வேறொருவராக இருந்தால் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் கட்சிக்காரருடைய வழக்கைப் பார்க்கப் போயிருப்பார். இவர் விடவில்லை. பாரீசில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனார். அங்கே அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

பூட்ஸ் விஷயம் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். ஆனால் அதற்குள் இருந்த கேள்வி பெரியது. பிரெஞ்சுக்காரர்களின் சட்டத்தில் எல்லாரும் சமம் என்று எழுதி வைத்திருக்கிறது. 1848-லேயே இங்கே இந்தியர்களுக்கு வாக்குரிமை கொடுத்தார்கள். பிறகு நடுவில் பாராளுமன்றப் பிரதிநிதி இல்லாமல் போய், 1871-ல் திரும்பி வந்தது. வாக்குப் போடலாம், பூட்ஸ் போடக் கூடாது. ஏன்? அதற்கு ஒரு பழைய ஏற்பாடு காரணம். 1819-ல் ஒரு ஆணை போட்டிருந்தார்கள்: இந்தியர்களுடைய கலியாணம், சொத்து, வாரிசு, தத்து எல்லாம் அவரவர் சாதி, மத வழக்கப்படியே தீர்க்கப்படும், பிரெஞ்சுச் சட்டம் அதில் தலையிடாது என்று. நம் பெரியவர்கள் அதைப் பெரிய சலுகையாகவே கருதினார்கள். உண்மையில் சலுகைதான். ஆனால் அந்தச் சலுகைக்கு இன்னொரு முகமும் இருந்தது. 'உன் வழக்கம் உனக்கு, என் சட்டம் எனக்கு' என்று சொல்லும்போது, இரண்டு பேரும் ஒன்றல்ல என்றும் சொல்லியாகிவிட்டது. சாதிக்குள்ளே கீழே தள்ளப்பட்டவனுக்கோ அந்தச் சலுகை விலங்காகவே இருந்தது.

அந்த இடத்தில்தான் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வருகிறது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணோ பெண்ணோ, எந்தச் சாதி, எந்த மதமாக இருந்தாலும், தன் வழக்கச் சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த பிறகு அவர்களுக்குப் பிரெஞ்சுக்காரருடைய சிவில் சட்டம்தான். எழுதிக் கொடுத்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். விட்டவர்கள் என்று அர்த்தம். நம்மூர்ப் பெரியவர்கள் வாயில் இந்தச் சொல் பலவிதமாகப் புரண்டிருக்கிறது. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. ஒருவர் எழுதிக் கொடுத்தால் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் சேர்ந்தே அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அவர்களை யாரும் கேட்க மாட்டார்கள். இது எனக்கு அன்றும் இன்றும் உறுத்துகிற விஷயம். சமத்துவத்துக்காகப் போட்ட ஆணையிலும் பெண்டாட்டி கருத்துக்கு ஒரு வரி இல்லை.

அந்த ஆணையிலேயே இன்னொரு நிபந்தனை: எழுதிக் கொடுப்பவர் தனக்கும் தன் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்து, அதையும் பதிய வேண்டும். 'நோம் பத்ரோனிமிக்' என்பார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்வரிசையில் நின்று எழுதிக் கொடுத்தார். பெயர் என்ன என்றபோது 'லா போர்த்' என்றார். பின்னால் வருகிறவர்களுக்கு நான் கதவாக இருக்கிறேன் என்ற பொருளில் அப்படி வைத்துக்கொண்டார் என்பதுதான் இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. நீதிமன்ற வாசலில் தடுக்கப்பட்டவர் அவர்.

இப்படிப் பொருள் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டது நம்மவர் மட்டுமல்ல. துருக்கியில் ஒரு நாடே இதைச் செய்தது. அங்கேயும் நம்மைப் போலக் குடும்பப் பெயர் கிடையாது. இன்னாருடைய மகன் இன்னார், இல்லாவிட்டால் தொழிலோ ஊரோ பட்டமோ. 1934 ஜூன் 21-ஆம் தேதி சட்டம் போட்டார்கள்: எல்லாரும் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். பதவிப் பெயர், குலப் பெயர், அயல்நாட்டுப் பெயர், கேட்டால் சிரிப்பு வருகிற பெயர் எதுவும் கூடாது. ஊர் ஊராக மக்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். முஸ்தஃபா கமாலுக்கு அந்த நாட்டுப் பாராளுமன்றமே 'அத்தாதுர்க்', துருக்கியரின் தந்தை, என்று பெயர் கொடுத்தது. வேறு யாரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சட்டம். அவருக்கு அடுத்து ஜனாதிபதியான இஸ்மெத்துக்கு, அவர் 1921-ல் போர் நடத்தி வென்ற இடத்தின் பெயரான 'இனோனு' குடும்பப் பெயர் ஆயிற்று. சாதாரண ஜனங்கள் தமக்குப் பிடித்த குணத்தைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 'யில்மாஸ்' என்றால் அஞ்சாதவன், பின்வாங்காதவன். 'தெமிர்' என்றால் இரும்பு. பின்னாளில் பிரதமராக இருந்த தெமிரேலின் பெயருக்கு இரும்புக் கை என்று பொருள். இன்று அங்கே யில்மாஸ் என்ற பெயரில் இருக்கிறவர்களைக் கணக்கெடுத்து முடியாது, நம் ஊரில் முருகனைப் போல. அத்தனை பேரும் அஞ்சாதவர்களா என்று கேட்கக் கூடாது. நம் ஊரிலும் சாந்தி என்று பெயர் வைத்துக்கொண்டு தெருவையே இரண்டாக்குகிறவர்கள் உண்டே.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். துருக்கியில் எல்லாருக்கும் கட்டாயம். பெயர் வைத்துக்கொண்டதால் ஒருவன் பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து பிரிந்துவிடவில்லை. இங்கே விருப்பம்தான். அதனாலேயே அது சண்டையாயிற்று. பெயர் வைத்துக்கொண்டவன் ஒரு பக்கம், வைத்துக்கொள்ளாதவன் மறு பக்கம். தம்பி எழுதிக் கொடுத்திருப்பான், அண்ணன் கொடுத்திருக்க மாட்டான். தம்பி பிள்ளைகளுக்கு ஒரு குடும்பப் பெயர், அண்ணன் பிள்ளைகளுக்கு வெறும் முதலெழுத்து. மூன்று தலைமுறை கழித்துக் காகிதத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் பங்காளிகள் என்று எவரும் சொல்ல முடியாது.

யார் எழுதிக் கொடுத்தார்கள்? பொன்னுத்தம்பிப் பிள்ளையைப் போன்ற படித்த மேல்சாதிக்காரர் சிலர். கிறிஸ்தவர்கள். அவர்களோடு, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த எளிய ஜனங்கள் நிறையப் பேர். கடைசியாகச் சொன்னவர்களுக்கு விடுவதற்கு என்ன இருந்தது? 'உன் சாதி வழக்கத்தை விட்டுவிடு' என்றால் நிலமும் பட்டமும் கோயில் மரியாதையும் வைத்திருப்பவன் யோசிப்பான். கோயிலுக்குள்ளே விடப்படாதவனுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. சாதியைச் சொல்லிக் கூப்பிடப்பட்ட ஒருவன், அரசாங்கப் பதிவேட்டில் தன் கையாலேயே தனக்கு ஒரு பெயரை எழுதிக்கொள்வது என்றால் சும்மாவா?

எதிர்த்தவர்களும் பலமானவர்கள். அவர்களுடைய தலைவர் சண்முக வேலாயுத முதலியார். அந்த நாளில் புதுச்சேரி அரசியல் அவர் கைக்குள் இருந்தது. வழக்கத்தையும் சாதி ஆசாரத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. ஆள்பலமும் வாக்குப்பலமும் அவரிடம்தான். 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, ரெனோன்சான்கள் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. சமம் ஆகிவிட்டோம் என்று கதவைத் திறந்து உள்ளே போனவர்களை, நடுக்கூடத்தில் தனியாக உட்கார வைத்த மாதிரி. 1899-ல் அந்த நடுப் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். சில தகுதிகள் உள்ளவர்கள் மட்டும் ஐரோப்பியர் பட்டியலுக்குப் போகலாம், மற்றவர்கள் இந்தியர் பட்டியலுக்கே திரும்ப வேண்டும் என்றார்கள். திரும்ப வாங்க முடியாது என்று எழுதி வாங்கியவர்களே இப்படிச் செய்தார்கள்.

வேறொரு பக்கம் அந்தப் பெயர் சோறு போட்டது. சைகோன் பக்கம் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போன நம்மவர்களில் ரெனோன்சான்கள் கணிசம். அங்கே 'நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், எங்களுக்கும் அந்தச் சம்பளம், அந்த உரிமை' என்று கேட்க அந்தக் காகிதம் உதவியது. சொல்தா பென்ஷன் வாங்கிய குடும்பங்கள் நம் கொம்யூன்களிலும் உண்டு, உங்களுக்குத் தெரியாததா.

பெயர்களின் தினுசுக்கு வருகிறேன். எல்லாரும் பொன்னுத்தம்பி மாதிரி பிரெஞ்சுச் சொல்லைத் தேடிப் பிடிக்கவில்லை. ஒரு பகுதியினர் பிரெஞ்சுப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். நிறையப் பேர் தங்கள் பெயரையோ தகப்பன் பெயரையோ அப்படியே குடும்பப் பெயராக உறைய வைத்துவிட்டார்கள். அதுவும் பிரெஞ்சு எழுத்தில். பிரெஞ்சுக்காரனுக்கு நம் 'உ' ஓசையை எழுத 'ஓ', 'யு' என்று இரண்டு எழுத்து வேண்டும். முத்து என்று எழுதுவதற்குள் அரை வரி ஓடிவிடும். 'பிள்ளை' அவன் கையில் 'புல்லே' ஆகிவிட்டது. ரங்கப்பிள்ளை வீதியின் பழைய பிரெஞ்சுப் பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயரையும் பட்டத்தையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவது அவர்கள் வழக்கம். சண்முக வேலாயுத முதலியார் என்பதை அப்படி எழுதினால் இருபதுக்கு மேல் எழுத்து வரும். மூச்சு விட்டுப் படிக்க வேண்டும்.

கடல் தாண்டியும் இதே கதைதான், ஆனால் கேட்டுச் செய்த காரியமல்ல. 1854 முதல் 1889 வரை குவாதலூப் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம், புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து போனவர்களும் உண்டு. கப்பல் குமாஸ்தா எழுதின பெயரே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அங்கே இன்று சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி எல்லாம் குடும்பப் பெயர்கள். சிதம்பரம் என்ற ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட ஆன்ரி சிதம்பரம் என்பவர், தீவில் பிறந்த இந்தியர்களுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்கும் வேண்டும் என்று 1904-ல் வழக்குத் தொடங்கி 1923 வரை போராடினார். பொன்னுத்தம்பியின் பூட்ஸ் வழக்கு நடந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு, உலகத்தின் மறு கோடியில், இன்னொரு தமிழ்ப் பெயர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறது. ரெயுனியோன் தீவிலும் 'விராபுல்லே' என்று ஒரு குடும்பப் பெயர் அரசியலில் பிரபலம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வீரப்பிள்ளை எழுந்து வருவார்.

வில்லியனூருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் லூர்து மாதா கோயில் 1870-களில் வந்தது. லூர்து என்பது பிரான்சில் ஒரு மலையடிவார ஊர். அந்த ஊரின் பெயர் இங்கே வந்து லூர்துசாமி, லூர்துமேரி என்று தமிழ்ப் பிள்ளைகளின் பெயராயிற்று. அந்த லூர்துசாமிகளில் ஒருவர் பெயர் பதிவேட்டில் குடும்பப் பெயராக உறைந்து, அவர் பேரன் பிரான்சுக்குப் போனால், அங்கே உள்ளவர்கள் ஊர்ப்பெயரோடு இது என்ன 'சாமி' என்று கேட்பார்கள். போன பெயர் வால் முளைத்துத் திரும்புகிறது.

நான் கொம்யூன் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் பழைய எத்தா சிவில் பதிவேடுகளை எடுத்துப் பார்த்துச் சொல்லும் வேலை அடிக்கடி வரும். அந்தச் சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்து, பழுப்பேறிய மை, தொட்டால் உதிர்கிற ஓரம். ஒரு முறை பாகூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் தாத்தாவின் காகிதம். அண்ணன்மார் வீட்டையும் நஞ்சையையும் பங்கு போட்டுக்கொண்டு, பெண்பிள்ளைக்கு வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "என் பேருக்குப் பின்னால ஒரு ஆம்பளை பேர் ஒட்டிக்கிட்டு இருக்குதே ஐயா, அது யார் பேரு? அதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?" என்று கேட்டார். அது அவர் தாத்தாவின் தகப்பனார் பெயர். எழுதிக் கொடுத்தபோது குடும்பப் பெயராக வைத்தது. அர்த்தம் அந்தச் சொல்லில் இல்லை. சாதாரணத் தமிழ்ப் பெயர்தான். அர்த்தம் அந்தக் காகிதத்தில் இருந்தது. வழக்கச் சட்டத்தை விட்டவர்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம். அதில் தகப்பன் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மகன் இருக்கும்போது மகளுக்கு ஒன்றுமில்லை என்ற பேச்சு அங்கே எடுபடாது. அந்தப் பெரியவர் எழுதிக் கொடுத்தபோது மனைவியைக் கேட்டாரோ இல்லையோ, கொள்ளுப்பேத்திக்கு ஒரு பிடி மண்ணுக்கு வழி செய்துவிட்டுப் போயிருந்தார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நல்ல வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வருஷம் கழித்துத் தேர்த் திருவிழாவின்போது வில்லியனூரில் பார்த்தேன். அண்ணன்மார் சமாதானத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். எவ்வளவு கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதெல்லாம் முடிந்துபோன சங்கதி என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தோம். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். மற்றவர்கள் இந்தியர்கள் ஆனோம். ரெனோன்சான் வேறு, இப்படி விருப்பம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்டவர் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது எந்தச் சட்டத்தின்படி வாழ்வது என்பது. பின்னது எந்த நாட்டுப் பிரஜை என்பது. ரெனோன்சான் குடும்பத்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக வில்லியனூரில் இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே 1963-ல் இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தபோது, இந்துத் திருமணச் சட்டத்திலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் ஒரு வரி சேர்த்தார்கள்: புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று. இந்தியாவின் சட்டப் புத்தகத்துக்குள் அந்தப் பிரெஞ்சுச் சொல் அப்படியே போய் உட்கார்ந்தது.

ஆகவே வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் பிரெஞ்சுக் காகிதம் ஏதாவது கிடந்தால் எலி தின்ன விடாதீர்கள். பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம் எதுவானாலும் சரி. 'ரெனோன்சியாசியோன்' என்று மேலே எழுதியிருக்கிறதா என்று, பிரெஞ்சு தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். இருந்தால், அதற்குக் கீழே ஒரு பெயர் இருக்கும். அதை ஏன் வைத்தார் என்று வீட்டில் இன்னும் நினைவு உள்ள பெரியவர் யாராவது இருந்தால், இப்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.